படிப்பு மாதிரியே இருக்கும், ஆனால் படிப்பில்லை

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற வட்டாட்சியரின் பதில்கள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கவனச் சிதறல் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஆசிரியர் ஒரு வரி போட்டார். வந்த கடிதங்களைப் பார்த்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் படிக்கிறார்கள், மீதிப் பேர் அவர்களைப் படிக்க விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. நான் வருவாய்த் துறையில் உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். இப்போது அருப்புக்கோட்டையில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்கிறேன். அவர்களிடம் பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருப்பதால் ஊர் மட்டும்.

அம்மா, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்கிறேன். எங்கள் ஊரில் கோச்சிங் சென்டர் கிடையாது. யூடியூப்பில்தான் வகுப்பு, டெலிகிராமில்தான் பிடிஎஃப். போனைத் தூக்கி வை என்று எல்லோரும் சொல்கிறார்கள். படிப்பே அதில்தானே இருக்கிறது? காலையில் கையில் எடுத்தால் மதியம் ஆகிவிடுகிறது. என்ன படித்தேன் என்றால் சொல்லத் தெரியவில்லை.
வாசகி, கடையநல்லூர் பக்கம்

உங்கள் கேள்வி நியாயமானது. போனைத் தூக்கி வை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் டெலிகிராம் வருவதற்கு முன்பே வேலைக்குப் போனவர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் காலைப் பொழுதில் எவ்வளவு நேரம் ரீல்ஸ் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் தேர்வு சம்பந்தமாகவே பார்த்தீர்கள்? என்னிடம் வரும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுவிட்டு, செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்து காட்டச் சொல்வேன். எந்த ஆப்பில் எத்தனை நிமிஷம் என்று அது மறைக்காமல் சொல்லிவிடும். ரீல்ஸ், ஸ்டேட்டஸ் எல்லாம் நாம் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. மீதி நேரம் எங்கே போயிற்று என்று பார்த்தால், "இந்த வருஷம் கட்-ஆஃப் எவ்வளவு போகும்", "வேகன்சி கூடுமா", "முதல் முயற்சியிலேயே ஜெயித்தவரின் பேட்டி", "கண்டிப்பாகப் படிக்க வேண்டிய பத்துப் புத்தகம்". எல்லாம் படிப்பைப் பற்றிய பேச்சு. அதில் படிப்பு ஒரு வரி இல்லை. சினிமா பார்த்தால் மனசு உறுத்தும், பாதியில் எழுந்து புத்தகத்தை எடுப்போம். இது உறுத்தவே உறுத்தாது. நாள் பூராவும் தேர்வோடு இருந்த திருப்தியோடு தூங்கப் போவோம். சினிமாவைவிட இதைக் கண்டுதான் எனக்குப் பயம்.

டெலிகிராம் கதையும் அதுதான். ஒரு பிள்ளையின் போனில் இந்திய அரசமைப்புக்கு மட்டும் ஏழெட்டு நோட்ஸ் பார்த்தேன். எல்லாமே பள்ளிப் புத்தகத்திலிருந்து எடுத்து, வேறு வேறு கலரில் கோடு போட்டது. அரிசி மூட்டையை வீட்டில் இறக்கி வைத்தால் சோறு ஆகிவிடுமா?

சரி, என்ன செய்வது? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ், சமூக அறிவியல், அறிவியல் புத்தகங்களைக் காகிதமாகச் சேர்த்துவிடுங்கள். உங்கள் தெருவிலேயே பள்ளி முடித்த பிள்ளைகள் வீட்டுப் பரணில் கிடக்கும், எடைக்குப் போடுவதற்கு முன்னால் கேட்டு வாங்குங்கள். கிடைக்காத ஒன்றிரண்டைப் பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி, வேண்டிய பாடத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். குரூப் 4-க்குப் பெரும்பகுதி இந்தப் புத்தகங்களுக்குள்ளேயே இருக்கிறது. வீடியோ எதற்கு வேண்டும் என்றால், படித்தும் புரியாததற்கு. பெரும்பாலும் அது கணக்காக இருக்கும்: கூட்டுவட்டி, விகிதம், வேலையும் நேரமும். அந்த வீடியோ எது என்று முந்தின நாள் ராத்திரியே முடிவு செய்து இறக்கி வைத்துவிட்டு, காலையில் ஏரோபிளேன் மோடில் போட்டுப் பாருங்கள். நெட் இல்லாத போன் பாதி சாது.

அறிவிப்பு வந்துவிட்டதா என்று தினமும் நோண்ட வேண்டியதில்லை. எந்தத் தேர்வுக்கு எப்போது அறிவிப்பு, எந்தத் தேதியில் தேர்வு என்று தேர்வு நடத்தும் டி.என்.பி.எஸ்.சி. ஆணையமே ஆண்டு அட்டவணை வெளியிடுகிறது. மாற்றம் இருந்தால் அவர்கள் தளத்திலேயே வரும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும்.

என்ன படித்தேன் என்று தெரியவில்லை என்கிறீர்கள் அல்லவா, அதற்கு ஒரு வழி. ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெறும் தாளில் ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். உதாரணத்துக்கு உள்ளாட்சிப் பாடம். 73-ஆவது திருத்தம் பஞ்சாயத்துக்கு, 74-ஆவது நகராட்சிக்கு, இரண்டும் 1992. பஞ்சாயத்துக்கு 11-ஆவது அட்டவணை, 29 இனங்கள். நகராட்சிக்கு 12-ஆவது அட்டவணை, 18 இனங்கள். கண்ணால் மட்டும் ஓட்டியவர்கள் 29-ஐயும் 18-ஐயும் இடம் மாற்றி எழுதுவார்கள். மனசு எந்தப் பக்கத்தில் வெளியே போயிற்று என்பதை அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும், அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும். மூன்று மணி நேரம் படித்தேன் என்ற கணக்கைவிட, மூன்று தாள் எழுதினேன் என்ற கணக்கு நம்பகமானது.

கல்யாணமாகி மூன்று வயதில் பையன் இருக்கிறான். வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் ஷிஃப்ட் வேலை. மாமியார் கூட இருக்கிறார். அரை மணி நேரம்கூடத் தொடர்ந்து உட்கார முடியவில்லை. என்னால் குரூப் 4 எழுத முடியுமா?
வாசகி, சிவகாசி

முடியும். குரூப் 4 வினாத்தாளின் அமைப்பே உங்களுக்கு ஓரளவு சாதகம். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இந்தத் தமிழ்ப் பகுதியில் பெரும்பாலானவை துண்டு துண்டான விஷயங்கள். பிரித்தெழுதுதல், எதிர்ச்சொல், எந்த நூல் யார் எழுதியது, இந்த அடைமொழி யாருக்கு. குக்கர் இரண்டு விசில் அடிப்பதற்குள் பத்துக் கேள்வி பார்க்கலாம். கணக்கும் புத்திக்கூர்மையும் 25 கேள்வி. அதை மட்டும் துண்டு நேரத்தில் தொடாதீர்கள், பாதிக் கணக்கில் பையன் வந்து நின்றால் முதலிலிருந்து போட வேண்டும். அவன் தூங்கிய பிறகு அரை மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள்.

கூப்பிடும்போது அப்படியே எழுந்து ஓடாமல், பென்சிலால் ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். "பக்கம் 84, அடுத்தது குறுந்தொகை" என்று இருந்தால் போதும். திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேடுகிற நேரம் மிச்சம். வேலையில் இருந்த காலத்தில் எனக்குக் கைகொடுத்ததே இந்தப் பழக்கம்தான். ஒரு கோப்பில் நாலு வரி குறிப்பு எழுதுவதற்குள் பட்டா மாறுதலுக்கு ஒருவர், வாரிசுச் சான்றுக்கு ஒருவர், நடுவில் கலெக்டர் ஆபீஸிலிருந்து போன். ஜமாபந்தி (கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை) சமயத்தில் கேட்கவே வேண்டாம். விட்ட இடத்தில் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த நாற்காலி ரொம்பக் கஷ்டம். நீங்கள் அந்தப் பயிற்சியைச் சம்பளம் இல்லாமல் இப்போதே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

துண்டு நேரத்தில் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது, மாதிரித் தேர்வு. 180 நிமிஷத்தில் 200 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 54 விநாடி, ஓஎம்ஆர் தாளில் வட்டம் கறுப்பாக்குகிற நேரமும் அதற்குள்தான். மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து பழகாதவர்களுக்குக் கடைசி அரை மணியில் தெரிந்ததும் தப்பாகப் போகும். அதனால் பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேர்வு நேரமான காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை உங்களுக்கு வேண்டும். மாமியாரிடம் "அத்தை, முடிஞ்சா கொஞ்சம் பையனைப் பார்த்துக்கோங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். தேதியும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். மாட்டேன் என்பார் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு கேட்காமலே புழுங்குகிற மருமகள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால் பலர் செய்கிறார்கள். வீட்டுக்காரருக்கு அன்று ஷிஃப்ட் இல்லையென்றால் அவருக்கும் கைகால் இருக்கிறது.

யு.பி.எஸ்.சி.க்காக நான்கு பேர் சேர்ந்து அண்ணா நகரில் ரூம் எடுத்திருக்கிறோம். ராத்திரி டீக்கு இறங்கினால் ஆப்ஷனல், இன்டர்வியூ, போன வருஷ ரேங்க் என்று பேசிப் பேசி ஒரு மணி ஆகிவிடுகிறது. வாடகைக்கு வேறு பார்ட் டைம் வேலை. நண்பர்களை விட்டு விலகு என்று மட்டும் சொல்லாதீர்கள்.
வாசகர், சென்னை

விலகச் சொல்லவில்லை தம்பி. தனியாக இருந்து இந்தப் படிப்பைத் தாக்குப்பிடிப்பது சிரமம். ஆனால் பேசுகிற விஷயத்தைக் கொஞ்சம் பாருங்கள். இறுதித் தரவரிசைக்கு மொத்தம் 2025 மதிப்பெண். அதில் இன்டர்வியூ 275. முதல்நிலைத் தேர்வே தாண்டாமல் கோட் போடுவதா, டை கட்டுவதா என்று ராத்திரி ஒரு மணிக்கு விவாதம் நடக்கிறது. (சிரிக்காதீர்கள், நடக்கிறது. என் அக்கா பேரன் அதே அண்ணா நகரில்தான் இருக்கிறான்.)

இன்னொன்று, சி-சாட், அதாவது முதல்நிலைத் தேர்வில் கணக்கும் தர்க்கமும் வரும் இரண்டாம் தாள். 80 கேள்வி, 200 மதிப்பெண், 33 சதவீதம் எடுத்தால் போதும் என்பதால் யாருமே அதை மதிப்பதில்லை. தப்பில்லாமல் 27 கேள்வி போட வேண்டும், தப்பான ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு கழியும். தலையங்கம் படிப்பதும், உலக அரசியல் பேசுவதும் பெரிய படிப்பாகத் தெரிகிறது; கணக்குப் போடுவது பள்ளிக்கூடப் பிள்ளை வேலையாகத் தெரிகிறது. பொது அறிவுத் தாளில் நல்ல மதிப்பெண் எடுத்தும் இதில் விழுந்து, வருஷமே போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் சினிமா பார்த்துக் கெட்டவர்கள் இல்லை, நாள் பூராவும் படித்தவர்கள்தான்.

டீயை ராத்திரி பதினொன்றிலிருந்து சாயங்காலம் ஆறுக்கு மாற்றுங்கள். அந்த நேரத்துப் பேச்சு தூக்கத்தைத் தின்னாது. பகலில் ரூமில் நான்கு பேரும் ஒன்றாக உட்காராதீர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே தனி இடம் வைத்திருக்கிறார்கள். வாடகைக் கவலைக்கு, தமிழ்நாடு அரசின் "நான் முதல்வன்" திட்டத்தைப் பாருங்கள். மதிப்பீட்டுத் தேர்வு வைத்து 1,000 பேரை எடுத்து, முதல்நிலைக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் பத்து மாதம் தருகிறார்கள். முதல்நிலை தேறினால் 25,000. கவனம் சிதறுகிறது என்று எழுதுகிற பலருக்கு உண்மையில் சிதறடிப்பது பணக் கவலை. அதை வைத்துக்கொண்டு எத்தனை ஆப்பை அழித்தாலும் பிரயோஜனம் கிடையாது.

எங்கள் தெரு ரொம்பச் சத்தம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு படிக்கலாமா?
வாசகர், திண்டுக்கல்

தறிச் சத்தத்தில் படித்து வேலைக்குப் போனவள் நான். எங்கள் தெருவில் காலையிலிருந்து ராத்திரி வரை விசைத்தறி ஓடும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பேன். ஒரே மாதிரி ஓடுகிற சத்தம் பழகிவிடும். ஏறி இறங்குகிற பேச்சும், பாட்டு வரியும், சீரியல் வசனமும் பழகாது, மனசு அதன் பின்னாலேயே போகும். அதனால் பாட்டு வேண்டாம். ஃபேனை வேகமாகச் சுற்றவிடுங்கள். பக்கத்து வீட்டு டிவிதான் தொல்லை என்றால், சீரியல் ஓடுகிற நேரத்தில் கணக்குப் போடுங்கள், மனப்பாட வேலையைக் காலைக்குத் தள்ளுங்கள். அப்புறம், தேர்வு நடக்கிற பள்ளியிலும் ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ போகும். சுத்தமான அமைதியில் மட்டுமே படித்துப் பழகுவதும் ஆபத்துதான்.

குரூப் 1, குரூப் 2, பேங்க், எஸ்.எஸ்.சி. எல்லாமே எழுதுகிறேன். எதிலுமே பத்து மார்க்கில் போய்விடுகிறது.
வாசகி, ஈரோடு

உங்களுக்குப் போன் பிரச்சினை இல்லை, விண்ணப்பப் பிரச்சினை. வங்கி அதிகாரி முதல்நிலையில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி. ஆங்கிலம், கணக்கு, தர்க்கம் ஒவ்வொன்றுக்கும் 20 நிமிஷம் தனித்தனியாக. அது வேகத் தேர்வு. குரூப் தேர்வு ஞாபகத் தேர்வு. காலையில் அதற்கும் மாலையில் இதற்குமாகப் படித்தால் இரண்டுக்குமே பழக்கம் ஏறாது. குரூப் 2 முதல்நிலையும் குரூப் 4-ம் ஒரே அமைப்பு: மொழி 100, பொது அறிவு 75, கணக்கு 25. பொது அறிவின் தரம்தான் வேறு. அந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். குரூப் 2-வில் மொழிப்பகுதிக்கு தமிழோ ஆங்கிலமோ எடுக்கலாம், நீங்கள் தமிழே எடுங்கள். மற்ற படிவங்களை ஒரு வருஷத்துக்கு நிரப்பாதீர்கள்.

ஒருத்தியைக் காதலிக்கிறேன். அவள் மெசேஜ் வரவில்லை என்றால் அன்று படிப்பே ஓடாது. தேர்வுக்காகப் பிரிந்துவிடலாமா?
வாசகர், திருவாரூர்

பிரிந்தால் படிப்பு ஓடும் என்று யார் சொன்னது? அதற்கு அப்புறம் மூன்று மாதம் சுத்தமாக ஓடாது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பேசுவது என்று இரண்டு பேருமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கும் பகலில் வேறு வேலை இருக்கும்.

ஞாபகசக்திக்கு லேகியம் விளம்பரம் பார்த்தேன். கவனம் கூடுமா?
வாசகர், அரியலூர்

விற்கிறவர் எந்தக் குரூப் எழுதித் தேறினார் என்று கேட்டு எழுதுங்கள். ராத்திரி ஏழு மணி நேரம் தூங்குங்கள், அதற்குக் காசில்லை.

பையன் பி.இ. முடித்து மூன்று வருஷமாகப் படிக்கிறான். அவன் கவனம் கெடக்கூடாது என்று வீட்டில் டிவி போடுவதில்லை, சொந்தக்காரர்களைக் கூப்பிடுவதில்லை. கல்யாணம் காட்சிக்கும் அனுப்புவதில்லை. ஆனாலும் ரூமுக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறான்.
வாசகி, மதுரை

தங்கச்சி, முதலில் டிவியைப் போடுங்கள். வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுவது அவனுக்கு நன்றாகக் கேட்கும். "உனக்காகத்தான் நாங்கள் இப்படி இருக்கிறோம்" என்று நாள் பூராவும் சொன்ன மாதிரிதான் அது. அந்தப் பாரத்தோடு என்ன பாடம் ஏறும்?

அறையை விட்டு வெளியே போய்ப் படிக்கச் சொல்லுங்கள். புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் குறை கிடையாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, இலவச வகுப்பு. குளித்து, சட்டை மாற்றி, பஸ் ஏறிப் போவதே பாதி மருந்து. அதே தேர்வுக்குப் படிக்கிற நாலு முகத்தையும் பார்ப்பான்.

கல்யாணத்துக்கும் அனுப்புங்கள். அங்கே பந்தியில் உட்கார்ந்ததும் "இன்னுமா படிக்கிறே?" என்று ஒரு சித்தப்பா கேட்பார். அவன் பயப்படுவது கல்யாணத்துக்கு இல்லை, அந்தக் கேள்விக்கு. நீங்கள் பக்கத்தில் இருந்தால் "படிக்கிறான், நீங்க ரசம் ஊத்திக்கோங்க" என்று பேச்சை மாற்றிவிடலாம்.

இன்னும் எத்தனை தடவை எழுதுவது, அதற்குள் வராவிட்டால் என்ன வேலை என்று ஒரே ஒரு நாள் உட்கார்ந்து அவனிடம் பேசுங்கள். அவன் வாயால் சொல்லட்டும். சொன்ன பிறகு அந்தத் தேதி வரை யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது, அவன் அப்பா உட்பட. "ரிசல்ட் எப்போ" என்று சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது கேட்பது ஒரு மணி நேரப் படிப்பைக் கெடுக்கும் என்று அவரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

ஐ.பி.எல். நேரத்தில் என்ன செய்வது? சி.எஸ்.கே. ஆட்டத்தையாவது பார்க்கலாமா?
வாசகர், சேலம்

பாருங்கள். லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம்தான், இரண்டு மாதத்தில் பதினான்கு ராத்திரி போனால் குடி முழுகாது. மற்ற ஒன்பது அணிகளும் ஆடுவதைப் பார்த்து, நம் அணி உள்ளே வர யார் தோற்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறீர்களே, அங்கேதான் வருஷம் போகிறது. ராத்திரி ஏழரைக்குத் தொடங்கி முடியப் பதினொன்று தாண்டிவிடும். கடைசிப் பந்து விழுந்ததும் டிவியை அணையுங்கள், அப்புறம் வரும் அலசல் காலைப் பேப்பரில் கால் பக்கத்தில் அடங்கிவிடும். அந்தப் பதினான்கு நாளும் மறுநாள் காலையில் மாதிரித் தேர்வு வைத்துக்கொள்ளாதீர்கள்.